போக்கர் கற்கத் தொடங்குவோருக்கு: ஹோல்டம் முதல் ஒமாஹா வரை

போக்கர் என்ற ஒரே பெயருக்குள் பல ஆட்டங்கள் அடங்கியிருக்கின்றன. இன்று அவற்றுள் மிகப் பரவலாக ஆடப்படுவது டெக்ஸஸ் ஹோல்டம். அதற்கு அடுத்த இடத்தில் ஒமாஹா இருக்கிறது. முன்பு அமெரிக்காவில் பெரும் செல்வாக்கோடு இருந்து இப்போது ஒதுங்கிவிட்டது செவன் கார்டு ஸ்டட். மூன்றையும் ஒரே மூச்சில் படிக்க முயல்பவர்கள் மூன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஹோல்டத்தை ஐயமறக் கற்றுக்கொண்டால், மற்றவற்றில் மாறுபடுபவை சில விதிகள் மட்டுமே என்பது தானாகவே விளங்கிவிடும். ஆகவே இங்கே ஹோல்டத்துக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

ஜோக்கர் நீக்கிய 52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டு போதும். எந்த ஆட்டமானாலும் கடைசியில் ஒப்பிடப்படுவது ஐந்து சீட்டுகள் கொண்ட கைதான். கைகளின் வரிசை மேலிருந்து கீழாக இப்படி அமையும். ஒரே பூவில், அதாவது ஸ்பேடு, ஹார்ட்டின், டைமண்ட், கிளாவர் என்ற நான்கு இனங்களுள் ஒன்றிலேயே, 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என வந்தால் அது ராயல் ஃப்ளஷ். ஒரே பூவில் வேறு எந்த ஐந்து தொடர்ச்சியாக வந்தாலும் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ். அடுத்து ஒரே மதிப்புள்ள நான்கு சீட்டுகள். பிறகு ஒரே மதிப்பில் மூன்றும் வேறொரு மதிப்பில் இரண்டும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ். தொடர்ச்சி இல்லாமல் ஐந்தும் ஒரே பூவாக இருந்தால் ஃப்ளஷ். பூ கலந்து ஐந்தும் தொடர்ச்சியாக இருந்தால் ஸ்ட்ரெய்ட். அதற்குக் கீழே ஒரே மதிப்பில் மூன்று, இரண்டு ஜோடி, ஒரு ஜோடி ஆகியன வரும். எதுவுமே சேராதபோது கையிலுள்ள மிகப் பெரிய சீட்டே மதிப்பைத் தீர்மானிக்கும்.

இந்த வரிசையை நம்மவர்கள் தவறாக நினைவில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தீன் பத்தி எனப்படும் மூன்று சீட்டு ஆட்டத்தில், தொடர்ச்சியான சீட்டுகள் ஒரே பூவான சீட்டுகளை வெல்லும். போக்கரில் அது தலைகீழாகிறது. ஃப்ளஷ்தான் ஸ்ட்ரெய்ட்டை வெல்லும். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: எது அரிதாக வருகிறதோ அது பெரியது. மூன்று சீட்டுகளில் பூ கலந்த தொடர்ச்சி 720 விதங்களிலும், தொடர்ச்சியற்ற ஒரே பூ 1,096 விதங்களிலும் அமையும். ஐந்து சீட்டுகளுக்கு வந்ததும் ஃப்ளஷ் 5,108 விதங்களாகவும் ஸ்ட்ரெய்ட் 10,200 விதங்களாகவும் மாறிவிடுகின்றன. ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு வேறொரு தயக்கம் வரும்: பூ மாறிய தொடர்ச்சிக்கு ரம்மியில் மதிப்பே கிடையாது, போக்கரில் உண்டு.

ஸ்ட்ரெய்ட்டில் ஏஸ் இரு முனைகளிலும் நிற்கலாம். ஏஸ், 2, 3, 4, 5 என்பது செல்லும். 10 முதல் ஏஸ் வரை என்பதும் செல்லும். ராணி, ராஜா, ஏஸ், 2, 3 என்று சுற்றி வருவது செல்லாது. பூக்களுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது. ஸ்பேடு ஃப்ளஷும் டைமண்ட் ஃப்ளஷும் மோதினால் எதில் பெரிய சீட்டு இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இனி ஹோல்டத்துக்கு வருவோம். டெக்ஸஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்ற ஊரே இதன் பிறப்பிடம் என்று அம்மாநிலச் சட்டமன்றம் 2007இல் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. லாஸ் வேகாஸில் 1970இல் தொடங்கிய போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டி இந்த ஆட்டத்தில்தான் நடைபெறுகிறது. 2003இல் இணையவழித் தகுதிப் போட்டியில் வென்று அங்கே நுழைந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 25 இலட்சம் டாலர் பரிசை வென்ற பிறகு, இது உலகெங்கும் பரவியது.

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். அவற்றை அவர் மட்டுமே பார்க்கலாம். பிறகு மேசையின் நடுவே ஐந்து பொதுச் சீட்டுகள் மூன்று கட்டமாகத் திறக்கப்படும்: முதலில் மூன்று சேர்ந்தாற்போல், அதற்கு ஃப்ளாப் என்று பெயர், அடுத்து ஒன்று, அது டர்ன், கடைசியாக ஒன்று, அது ரிவர். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் கட்டின் மேலிருக்கும் ஒரு சீட்டைப் பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும். தன் இரண்டும் பொதுவில் ஐந்துமாகச் சேர்ந்த ஏழில், சிறந்த ஐந்து எவையோ அவையே ஒருவரின் கை. தன் இரண்டையும் பயன்படுத்தலாம், ஒன்றை மட்டும் பயன்படுத்தலாம், இரண்டையும் விட்டுவிட்டுப் பொதுச் சீட்டுகளையே கையாகக் கொள்ளலாம். ஆறாவது, ஏழாவது சீட்டுக்கு எந்த நிலையிலும் மதிப்பில்லை.

இருவருக்குமே ஏஸ் ஜோடி அமைந்து, ஒருவரிடம் துணையாக ராஜாவும் மற்றவரிடம் ஜாக்கியும் இருந்தால், அந்தத் துணைச் சீட்டு ஐந்துக்குள் இடம்பெறும் பட்சத்தில் ராஜா வைத்திருப்பவர் வெல்வார். பொதுச் சீட்டுகளின் காரணமாக இருவரின் சிறந்த ஐந்தும் ஒன்றாகிவிட்டால், பந்தயமாகக் குவிந்த சில்லுகளைச் சமமாகப் பிரித்துக்கொள்வதே விதி.

கை வரிசையை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். பந்தயம் நகரும் முறையைப் புரிந்துகொள்ளத்தான் பொறுமை வேண்டும். மேசையில், சீட்டுப் போடுபவர் யார் என்று குறிக்கும் டீலர் பொத்தான் ஒன்று இருக்கும்; ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அது இடப்பக்கம் ஒருவர் தள்ளி நகரும். டீலருக்கு இடப்பக்கம் இருப்பவர் ஸ்மால் பிளைண்டையும், அவருக்கு அடுத்தவர் அதைப்போல் இரு மடங்கான பிக் பிளைண்டையும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். முதல் சுற்றில் பிக் பிளைண்டுக்கு அடுத்தவர் தொடங்குவார். ஃப்ளாப்புக்குப் பிறகு வரும் சுற்றுகளில், ஆட்டத்தில் எஞ்சியிருப்பவர்களுள் டீலருக்கு இடப்பக்கம் முதலில் இருப்பவர் தொடங்குவார். இருவர் மட்டுமே ஆடும்போது டீலரே ஸ்மால் பிளைண்டை வைப்பார். முதல் சுற்றில் முந்தியும் பிற்பாடு பிந்தியும் அவர் பேசுவார்.

தன் முறை வரும்போது, யாரும் பந்தயம் வைக்காதிருந்தால் செக் சொல்லி அடுத்தவருக்கு விடலாம், அல்லது பந்தயம் வைக்கலாம். வைத்திருந்தால் மூன்று வழிகள்: சீட்டைப் போட்டுவிட்டு விலகும் ஃபோல்டு, அதே அளவை வைக்கும் கால், அதற்கு மேல் உயர்த்தும் ரெய்ஸ். உயர்த்தும்போது, முன்பு எவ்வளவு உயர்த்தப்பட்டதோ அதற்குக் குறையாமல் உயர்த்த வேண்டும். பிக் பிளைண்ட் 10ஆக இருக்கையில் ஒருவர் 30 ஆக்கினால் உயர்வு 20. ஆகவே அடுத்தவர் குறைந்தது 50 ஆக்க வேண்டும். நோ லிமிட் முறையில் மேல்வரம்பு கிடையாது, கையிலுள்ள அத்தனையையும் வைக்கலாம்.

ஓர் ஆட்டத்தை முழுமையாகப் பார்ப்போம். நால்வர் ஆடுகிறார்கள், பிளைண்டுகள் 5, 10. பிக் பிளைண்டுக்கு அடுத்தவரிடம் டைமண்ட் ராஜாவும் கிளாவர் ராணியும் இருக்கின்றன. அவர் 30 ஆக்குகிறார். டீலரும் ஸ்மால் பிளைண்டும் விலகுகிறார்கள். பிக் பிளைண்டின் கையில் ஸ்பேடு ஏஸும் ஸ்பேடு 7ம். அவர் மேலும் 20 வைத்துத் தொடர்கிறார். நடுவில் 65 சேர்ந்திருக்கிறது.

ஃப்ளாப்பில் ஸ்பேடு ராஜா, ஹார்ட்டின் 9, ஸ்பேடு 4 திறக்கின்றன. பிக் பிளைண்ட் செக் சொல்ல, ராஜா ஜோடி கிடைத்தவர் 40 வைக்கிறார்; பிக் பிளைண்டும் 40 வைக்கிறார். இப்போது 145. டர்னில் டைமண்ட் 2 வருகிறது, யாருக்கும் உதவவில்லை. மீண்டும் செக், மீண்டும் 40. இந்த இடத்தில்தான் கணக்குத் தேவைப்படுகிறது. பிக் பிளைண்ட் பார்க்காத சீட்டுகள் 46. அவற்றில் ஃப்ளஷை நிறைவு செய்யும் ஸ்பேடுகள் 9. அதாவது ஏறத்தாழ 20 சதவீத வாய்ப்பு. அவர் 40 வைத்தால் நடுவில் 225 ஆகும். அந்த 225இல் 40 என்பது சுமார் 18 சதவீதம். கொடுக்கும் விலையைவிட வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால் தொடர்வது சரி. எதிராளி 40க்குப் பதிலாக 145 வைத்திருந்தால், ஃப்ளஷை மட்டும் நம்பித் தொடர்வது நட்டக் கணக்காகியிருக்கும். புதிதாக ஆடுபவர்கள் தங்கள் சீட்டை மட்டுமே பார்த்து முடிவெடுப்பதை அடிக்கடி காண்கிறோம். நடுவில் எவ்வளவு இருக்கிறது, கேட்கப்படுவது எவ்வளவு என்ற இரண்டையும் முதல் நாளிலிருந்தே எண்ணிப் பழகுவது நல்லது.

ரிவரில் ஸ்பேடு ஜாக்கி வந்து ஃப்ளஷ் நிறைவேறுகிறது. பிக் பிளைண்ட் 100 வைக்கிறார், எதிராளி கால் செய்கிறார், சீட்டுகள் திறக்கப்படுகின்றன. ஏஸ் தலைமையிலான ஃப்ளஷ், ராஜா ஜோடியை வென்று 425 சில்லுகளை எடுத்துக்கொள்கிறது. எதிராளி 100க்கு அஞ்சி விலகியிருந்தால், சீட்டைக் காட்டாமலே பிக் பிளைண்ட் வென்றிருப்பார். கை வலுவில்லாமலே பந்தயத்தால் எதிராளியை விலகச் செய்யும் பிளஃப் என்ற உத்திக்கு இந்த விதியே இடம் தருகிறது.

சில்லுகள் தீர்ந்துபோகும் நிலையையும் அறிந்திருக்க வேண்டும். ஒருவரிடம் 50ம் மற்ற இருவரிடம் தலா 200ம் இருந்து மூவரும் அனைத்தையும் வைத்துவிட்டால், ஒவ்வொருவரிடமிருந்தும் 50 எடுத்து 150 கொண்ட முதன்மைக் குவியல் அமைக்கப்படும். எஞ்சிய 300 தனிக் குவியல். அதற்கு அந்த இருவர் மட்டுமே போட்டியிடுவார்கள். 50 வைத்தவர் எவ்வளவு பெரிய கை காட்டினாலும் 150க்கு மேல் பெற முடியாது.

ஒமாஹாவில் ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டுகள். பந்தயச் சுற்றுகளும் பொதுச் சீட்டுகளும் ஹோல்டத்தில் உள்ளவையே. ஆனால் தன் நான்கில் சரியாக இரண்டும் பொதுவில் சரியாக மூன்றும் எடுத்தே கை அமைக்க வேண்டும். இதில் விலக்கே இல்லை. மேசையில் நான்கு ஹார்ட்டின் கிடக்க, தன்னிடம் ஹார்ட்டின் ஏஸ் ஒன்று மட்டும் இருந்தால், ஹோல்டத்தில் அது பெரிய ஃப்ளஷ். ஒமாஹாவில் ஃப்ளஷே இல்லை. நான்கில் மூன்று ராஜாக்கள் வந்தால் மகிழவும் வேண்டாம்; இரண்டைத்தான் பயன்படுத்த முடியும், மூன்றாவது அங்கே வீணாகக் கிடக்கிறது. ஒமாஹா பெரும்பாலும் பாட் லிமிட் முறையில் ஆடப்படும்: நடுவில் 60 இருக்க எதிராளி 20 வைத்தால், நீங்கள் முதலில் 20ஐ ஈடுகட்டியதாகக் கொண்டு அப்போது சேரும் 100ஐ மேலும் உயர்த்தலாம், ஆக 120தான் உச்சம்.

செவன் கார்டு ஸ்டட்டில் பொதுச் சீட்டுகள் இல்லை, பிளைண்டுகளும் இல்லை. எல்லோரும் ஒரு சிறு தொகையை முன்கூட்டியே வைக்க, இரண்டு கவிழ்த்தும் ஒன்று திறந்தும் தரப்படும். திறந்ததில் மிகச் சிறிய சீட்டு உடையவர் தொடங்குவார். அடுத்த மூன்றும் திறந்தும் ஏழாவது கவிழ்த்தும் வரும்; அச்சுற்றுகளில், திறந்த சீட்டுகள் பெரிதாக உள்ளவர் முதலில் பேசுவார். விலகியவர்கள் காட்டிய சீட்டுகளை நினைவில் வைத்திருப்பவருக்கு இதில் மிகுந்த பயன் உண்டு.

இந்தியாவில் 2025இல் இயற்றப்பட்ட இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கிறது. திறன் ஆட்டம் என்ற வாதம் இதற்கு விலக்காகாது. கற்பதற்குப் பணம் தேவையும் இல்லை. சில்லுகள் இல்லாவிட்டால் புளியங்கொட்டைகளே போதும். முதல் சில ஆட்டங்களை எல்லாச் சீட்டுகளையும் திறந்து வைத்தே ஆடி, ரிவர் முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் சிறந்த ஐந்தை எடுத்து அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். கவிழ்த்து ஆடத் தொடங்கும்போது மூன்று ஒழுங்குகளை முன்னதாகவே பேசிவையுங்கள்: தன் முறை வராமல் யாரும் பேசக் கூடாது, விலகியவர் ஆட்டம் முடியும்வரை தன் சீட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, உயர்த்துபவர் தொகையை வாயால் சொல்லியோ, ஒரே முறையில் சில்லுகளை முன்னே தள்ளியோ வைக்க வேண்டும், கொஞ்சம் வைத்து எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலும் எடுப்பது செல்லாது.