இரண்டு பூங்கா, இரண்டு முகம்

மண்டபத்தில் சிறுவர் பூங்கா நடத்தும் என் தம்பி, தொண்டியிலும் ஒன்று திறக்கிறான். அதே ராட்டினம், அதே சறுக்கு மரம் வாங்கப் போனவனைத் தடுத்துவிட்டேன்; ஒவ்வொரு பூங்காவுக்கும் தனி முகம் வேண்டும்.

டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983-இல் அமெரிக்கப் பூங்காவின் சாயலில் எழுந்தது. 2001-இல் பக்கத்திலேயே வந்த டிஸ்னிசீயோ, துறைமுகங்களும் நடுவில் எரிமலையுமாகத் தனித்து நின்றது. ஃபுளோரிடாவில் எப்காட் என்ற டிஸ்னி பூங்காவில் நார்வேயைக் காட்டிய படகுச் சவாரிக்குள் 2016-இல் கார்ட்டூன் கதை புகுந்தது. முகம் மங்குவது இப்படித்தான்.

ஆகவே, முதலில் அந்தந்த ஊரின் கடற்கரையில் நடந்து பாருங்கள். மண்டபத்துக்குப் பாம்பன் பாலமும் ரயிலும் போதும். தொண்டிக்கு வல்லம் என்ற மீன்பிடி மரப்படகு: பழைய வல்லத்துக்குள் பிள்ளைகள் ஏறி, உப்பு பூத்த பலகையைத் தடவிப் பார்க்கட்டும். டிக்கெட், கழிப்பறை, பாதுகாப்பு விதி மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். தம்பி இப்போது வல்லம் தேடித் தொண்டிக்குப் பக்கத்து மீனவ ஊரான சோலியக்குடிக்குப் போயிருக்கிறான்.