ஒட்டடைக் கம்பில் ஒரு தொட்டெழுதும் பேனா: மை சொட்டாமல் இருக்க அதற்கு ஒரு நாக்கு

உசிலம்பட்டிப் பக்கம் சொந்தத்தில் ஒரு காதணி விழா. மொய் நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, பிள்ளை பேர், தேதி, மண்டபம் எல்லாவற்றையும் பட்டை எழுத்தில் எழுதிக் கொடுப்பது எங்கள் வீட்டில் என் வேலை. அன்றைக்குக் கையில் இருந்தது நாணலைச் சீவி நானே செய்த பேனா. ‘உ’ அழகாக விழுந்தது. அடுத்து ‘துணை’ எழுதும்போது ணகரத்தின் மூன்றாவது சுழிக்குப் போவதற்குள் மை தீர்ந்துவிட்டது. சரி என்று நன்றாக முக்கி எடுத்து மறுபடி வைத்தேன். பழைய நாலணா அகலத்துக்கு ஒரு சொட்டு நோட்டில் விழுந்தது. பக்கத்தில் இருந்த மாமா, “என்ன மாப்ள, மொத மொய் நீயே வச்சுட்டியா?” என்றார்.

நாணல் பேனா, மூங்கில் பேனா எதை எடுத்தாலும் இதே கதைதான். நம் வைகை மாதிரி, வந்தால் வெள்ளம், இல்லையென்றால் மணல். நானும் ரொம்ப நாள் நுனியைச் சீவியதில்தான் தப்பு என்று நினைத்து, சீவிச் சீவியே அரைக்கட்டு நாணலைத் தீர்த்திருக்கிறேன். நுனியில் தப்பே இல்லை. முக்கி எடுத்த மை தங்குவதற்குப் பேனாவில் இடம் கிடையாது, அதுதான் கோளாறு. ஊற்றுப்பேனாவைக் கழற்றினால் நிப்புக்கு அடியில் கறுப்பாக ஒரு கட்டை இருக்குமே, எங்கள் வீட்டில் அதை நாக்கு என்போம். அந்த நாக்கில் நுண்ணிய காடிகள் வெட்டி, மை இறங்கவும் காற்று ஏறவும் வழி செய்து 1884-இல் நியூயார்க்கில் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கினார். அந்தச் சங்கதியில் பாதியை, அதாவது மையைப் பிடித்து வைக்கிற பாதியை மட்டும், குளிர்பான டின் தகட்டால் மூங்கில் பேனாவுக்குச் செய்துகொடுக்கலாம். எழுத்துக் கலைஞர்கள் நாணல் பேனாவுக்குள் இப்படி ஒரு தகடு செருகுவது உண்டு. அதைத் தமிழ் எழுத்துக்கு ஏற்றாற்போல் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

என்னென்ன வேண்டும்

உடைந்துபோன ஒட்டடைக் கம்பு ஒன்று. சுண்டுவிரல் தடிமன் இருந்தால் போதும், ஆனால் உள்ளே பொள்ளலாக இருக்க வேண்டும். கெட்டி மூங்கில் இந்த வேலைக்கு ஆகாது. அப்புறம் ஒரு காலி அலுமினிய டின், கட்டர், பழைய கத்தரிக்கோல், சவர பிளேடு, 220-ஆம் நம்பர் உப்புத்தாள் ஒன்று, 400-ஆம் நம்பர் ஒன்று, கோணி ஊசி, தீர்ந்துபோன ரீஃபில். நாணலிலும் செய்யலாம், சீவ லேசாக இருக்கும், சீக்கிரம் மழுங்கவும் செய்யும். முதல் தடவை செய்கிறவர்கள் மூங்கிலிலேயே பழகுங்கள்.

முதலில் மூங்கில்

கணுவுக்குக் கணு நடுவில் 18 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து, ராத்திரி தண்ணீரில் போட்டுவிடுங்கள். காய்ந்த மூங்கிலில் கத்தி வைத்தால் நாம் ஒரு பக்கம் இழுக்க அது ஒரு பக்கம் பிளந்துகொண்டு போகும். ஊறிய மூங்கில் சொன்னபடி கேட்கும்.

மறுநாள் ஒரு முனையிலிருந்து 3 செ.மீ. தள்ளிக் கத்தியை வைத்து, நுனியை நோக்கிச் சரிவாகச் சீவுங்கள். சீவச் சீவ உள்ளே இருக்கும் பொள்ளல் ஒரு ஓடை மாதிரித் திறந்துகொள்ளும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மூங்கிலின் உறுதியெல்லாம் பளபளவென்று இருக்கும் வெளித்தோலில்தான் இருக்கிறது. சுரண்டுவதெல்லாம் உள்பக்கம்தான், தோலில் கத்தி படவே கூடாது. நுனி 1 மி.மீ. தடிமனுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, இரண்டு பக்கத் தோளையும் சீவி நுனி அகலத்தை 3 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். அந்த அகலத்துக்கு எழுத்து உயரம் 15 மி.மீ. வைத்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது.

பொள்ளலின் உள்சுவரில் வெள்ளையாக, வெங்காயச் சருகு மாதிரி ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியவே தெரியாது. அது மையை ஒட்டவிடாது, முத்து முத்தாக உருட்டிவிடும். ஊசியால் கிளப்பிவிட்டு, உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேயுங்கள்.

அடுத்து நடுப்பிளவு. நுனியிலிருந்து 15 மி.மீ. தள்ளி, பழுக்கக் காய்ச்சிய கோணி ஊசியால் ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள் (இடுக்கியால் பிடித்துத்தான்). அதற்கப்புறம் நுனியின் நடுவில் சவர பிளேடை வைத்து மெல்ல அழுத்தினால் பிளவு அந்த ஓட்டை வரை ஓடி நின்றுவிடும். ஓட்டை இல்லாமல் பிளந்தால் அது பாட்டுக்குப் பிடி வரைக்கும் போய்விடும்.

கடைசியாக நுனி வெட்டு. பேனாவின் தோல் பக்கம் மேலே இருக்கும்படி ஒரு பழைய பிளாஸ்டிக் ஸ்கேல்மேல் வைத்து, கட்டரை நெட்டுக்குத்தாக நிறுத்தி ஒரே அழுத்து. ‘டக்’கென்று சத்தம் வர வேண்டும். அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் சிம்பு நிற்கும், அந்தச் சிம்பு தாளைக் கீறும்.

இப்போது நாக்கு

இந்தப் பேனாவின் உயிர் இதில்தான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டின்னின் மேல்மூடியையும் அடியையும் கத்தரித்து எறிந்துவிட்டு, நடுத்தகட்டை விரித்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும். என் கட்டைவிரலில் தழும்பே இருக்கிறது, அதனால் துணி சுற்றிக்கொண்டு செய்யுங்கள். 5 செ.மீ. நீளம், 4 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். பொள்ளலுக்குள் நுழையவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். ஒரு டின்னில் நாற்பது பட்டையாவது தேறும், நாலைந்து வீணானால் வருத்தப்படாதீர்கள்.

தகட்டின் வெளியே பெயிண்ட் இருப்பது தெரியும். உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளாஸ்டிக் பூச்சு உண்டு. இரண்டையும் 400-ஆம் நம்பர் தாளால் தேய்த்து எடுத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூச்சு போய்விட்டதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும், பரவினால் சரி. முதன்முதலில் நான் செய்த நாக்கு ஒழுங்காக வேலை செய்யாததற்கு இதைத் தவிர வேறு காரணமே இல்லை. வளைவைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணடித்தேன்.

வளைக்கும் முறை இது. பட்டையின் பின்பாதியில் 2 செ.மீ. வால். அதை ரீஃபில்மேல் வைத்து ஒரு வில்லாக வளைத்தால், பொள்ளலுக்குள் செருகும்போது ஸ்பிரிங் மாதிரி விரிந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பசை வேண்டாம். முன்பாதி 27 மி.மீ. பொள்ளலின் வாயிலிருந்து நுனியை நோக்கி நீள வேண்டும். தொடங்குகிற இடத்தில் அது மூங்கிலைவிட்டு 2 மி.மீ. விலகி ஒரு திமில் மாதிரி எழும்பி நிற்கட்டும். அங்கிருந்து சீராக இறங்கி இறங்கி, பேனா நுனிக்கு 3 மி.மீ. முன்னால், மூங்கிலைத் தொட்டும் தொடாமலும் முடிய வேண்டும். அந்த இடத்து இடைவெளியை அளக்கக் கருவியெல்லாம் வேண்டாம், சாதாரண ஏ4 தாள் பத்து சேர்ந்தால் ஏறக்குறைய 1 மி.மீ., எனவே இரண்டு தாளைச் சேர்த்துச் செருகிப் பாருங்கள், லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் அளவு சரி.

பின்னால் அகலமாகவும் முன்னால் ஒடுக்கமாகவும் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இரண்டு கண்ணாடித் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரம் ஒட்டியும், எதிர் ஓரத்தில் நடுவே ஒரு தீக்குச்சியும் இருக்கும்படி ரப்பர் பேண்ட் போட்டு, மை கலந்த தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். தீக்குச்சி பக்கம் தண்ணீர் கொஞ்சம்தான் ஏறியிருக்கும். ஒட்டிய ஓரத்தை நெருங்க நெருங்க வளைந்து வளைந்து மேலே ஏறியிருக்கும். 1 மி.மீ. இடைவெளியில் தண்ணீர் ஏறக்குறைய 15 மி.மீ. ஏறும், இடைவெளியைப் பாதியாக்கினால் இரண்டு மடங்கு. சந்து எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு பலமாக அது திரவத்தை இழுக்கிறது. பேனாவிலும் அதேதான். திமிலுக்கு அடியில் மை குவிந்து நிற்கும், நுனிப்பக்கம் சந்து ஒடுங்குவதால் அது தானாக முன்னால் நகர்ந்து வந்து நிற்கும், தாள் வாங்க வாங்க இறங்கும். முன்னும் பின்னும் ஒரே இடைவெளியாக வைத்தால் முன்னால் வருவதற்கு அதற்கு ஒரு காரணமும் இல்லை, குலுக்கினால்தான் வரும், வந்தால் சொட்டாகத்தான் வரும்.

மை

கடையில் வாங்கும் ஊற்றுப்பேனா மை இதற்குக் கொஞ்சம் நீர்த்தது. நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் கேளுங்கள். ஒரு ஸ்பூன் பிசினை மூன்று ஸ்பூன் வெந்நீரில் ராத்திரி ஊறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, 30 மி.லி. மைக்கு ஐந்தாறு சொட்டு மட்டும் விடுங்கள். அதிகமானால் எழுத்து காயவே காயாது, நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். பிசின் கலந்த மையை மறந்தும் ஊற்றுப்பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில், அதுவும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதினால், நாக்கில் நிற்கும் மையே கெட்டியாகிவிடும். அப்போது பிசினைச் சேர்க்காமல் விட்டுவிடுவதே நல்லது.

எழுதிப் பார்ப்பது

முதலில் வெறும் தண்ணீரில் முக்கி, சிமென்ட் தரையில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அறுந்துபோகாமல் வந்தால் மைக்கு வரலாம். திமில் முங்கும் வரை முக்கி, எடுக்கும்போது நாக்குப் பக்கத்தைப் புட்டி வாயில் ஒரு தடவை தொட்டு எடுங்கள், உதறக் கூடாது. தோல் பக்கம் மேலே, நாக்கு கீழே. நுனி, வரிக்கு முப்பது நாற்பது டிகிரி சாய்வில் இருக்கட்டும்.

சோதனைக்கு ‘ண’ எழுதுங்கள், வரிசையாகப் பத்து. மூன்று சுழி, நடுவில் பேனாவை எடுக்கவே முடியாது, மையைக் குடிக்கிற எழுத்து அது. அப்புறம் ‘ம்’. மெய்யெழுத்தின் புள்ளி வைக்கிற இடத்தில்தான் பேனா ஒரு நொடி நிற்கும், சொட்டு விழுவதென்றால் அங்கேதான் விழும். (மதுரைப் பக்கம் மாங்குளம் மலைப்பாறையில் தமிழி, அதாவது பழைய தமிழ் எழுத்து, வெட்டியவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. உளிக்கு மை எதற்கு!) நாக்கு இல்லாமல் எனக்கு ஒரு முக்குக்கு மூன்று நான்கு எழுத்துதான் வந்துகொண்டிருந்தது. இப்போது ‘திருப்பரங்குன்றம்’ முழுவதும் எழுதிவிட்டு அடுத்த வார்த்தைக்குள் போகிறேன்.

புள்ளி வைக்கும்போது குண்டாகிறது என்றால் முன்சந்து அகலம், நாக்கின் நுனியை மேல்நோக்கி ஒரு சிட்டிகை அழுத்துங்கள். தொடக்கத்தில் நன்றாக வந்து நடுவில் அறுந்தால் சந்து ரொம்ப ஒடுக்கம், இல்லையென்றால் தகட்டில் விரல் எண்ணெய் பட்டிருக்கிறது. விபூதி தொட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நாக்கே தாளில் உரசினால் அதை 1 மி.மீ. பின்னால் தள்ளுங்கள். எழுத்தின் ஓரமெல்லாம் வேர்விட்டதுபோல் மை கசிந்தால் பேனாமேல் பழி போடாதீர்கள், தாள் மட்டம். மலிவான நீள நோட்டுகள் பலவும் அப்படித்தான், முதல் பக்கத்துக்கு மட்டும் 100 ஜி.எஸ்.எம். தாளில் எழுதி ஒட்டிவிடுவது என் வழக்கம்.

இடக்கை எழுத்துக்காரர்கள் நுனியை நேராக வெட்டாமல் ஒரு பக்கம் கொஞ்சம் சரித்து வெட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் என்பது நீங்கள் நோட்டைத் திருப்பிவைத்து எழுதுகிற விதத்தைப் பொறுத்தது, இரண்டு பக்கமும் வெட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கட்டையில் செருகும் இரும்பு நிப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே யோசனை உதவும். பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி, அந்தக் கம்பியை நெருக்கமாக நாலு சுற்றுச் சுருட்டி நிப்பின் அடியில் கட்டினால் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் மை நிற்கும். புது நிப்பில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், அதைத் துடைக்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் நாக்கை உருவித் தனியே கழுவ வேண்டும். பேனாவை நுனி மேலே பார்க்க டம்ளரில் குத்தி வைத்தால் ஈரம் பொள்ளலுக்குள் இறங்கித் தங்கி இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும், படுக்கவைத்தே காயவிடுங்கள். நாக்கு தீக்குச்சி நீளம்தான், பெருக்கும்போது குப்பையோடு போய்விடும். நான் தீப்பெட்டிக்குள் போட்டு வைக்கிறேன். அந்தத் தீப்பெட்டிமேல் ‘இது குச்சி இல்லை’ என்று எழுதியும் வைத்திருக்கிறேன், அதுவும் இந்தப் பேனாவால்தான்.