வேலூரிலிருந்து பழவேற்காட்டுக்கு: முதல்முறை பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

பொங்கல் நெருங்கினால் போதும், பழவேற்காட்டுப் பூநாரை (ஃபிளமிங்கோ) படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வேலூர்ப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். உச்சி வெயிலில் போய் இறங்கி, தூரத்தில் ஏதோ வெள்ளையாகக் கோடு போட்டது போலத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று திரும்பிவிடுகிறார்கள். அந்த வெள்ளைக் கோடுதான் பூநாரைக் கூட்டம். அதைப் பறவையாகப் பார்க்கக் கண்ணுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், போகும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். இரண்டையும் எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்முனை மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறி இறங்குகிறது. தெற்கே எண்ணூர் கழிமுகத்தோடு இதை இணைப்பது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே வெட்ட ஆரம்பித்த கால்வாய் அது. பிறகு படிப்படியாக நீண்டு, 1878-இல் அன்றைய ஆளுநரின் பெயரைப் பெற்றது.

நமக்கும் இந்தக் கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீர் கொசஸ்தலையாற்றில் சேர்கிறது. அந்த ஆறு கடலைத் தொடுமிடம் எண்ணூர். அதனால் பழகுவதைக் காவேரிப்பாக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1. ஊர் ஏரியில் கண்ணைப் பழக்குங்கள்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பழவேற்காட்டுக்குப் போவதற்கு முன் மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளை உங்கள் ஊர் ஏரிக்குக் கொடுங்கள். காவேரிப்பாக்கம் ஏரிக்கரை கிலோமீட்டர் கணக்கில் நீள்வதால் நடந்துகொண்டே பார்க்க வசதி. வேலூர்க்காரர்களுக்குச் சதுப்பேரி இருக்கிறது. தண்ணீர் இருக்கிற எந்தக் கிராமத்து ஏரியும் போதும்.

பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். நான்கு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். பறவை காகத்தைவிடப் பெரிதா, சிறிதா? அலகு நீளமா, வளைந்ததா, தட்டையா? கால் எவ்வளவு நீளம்? அது இப்போது என்ன செய்கிறது? இந்த நான்காவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், பெரும்பாலும் விடை அதில்தான் இருக்கும். பொசுக்கென்று மூழ்கி வேறோர் இடத்தில் எழுந்தால் முக்குளிப்பான். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம், தண்ணீரில் மிதந்துகொண்டே இருந்தால் நாமக்கோழி. உடம்பெல்லாம் மூழ்கிப் பாம்பு போலக் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தால் பாம்புத்தாரா. மூடின அலகின் நடுவிலும் ஓர் இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. நம் வயலோரங்களில் நத்தை தேடி நிற்பது அதுதான். நீங்கள் இறங்கினதுமே கத்திக் கூப்பாடு போட்டு மற்ற பறவைகளை எழுப்பிவிடுவது ஆட்காட்டி.

அப்புறம், ஓரிடத்தில் அரைமணி நேரம் அசையாமல் உட்காரப் பழகுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். நம் நடமாட்டம் அடங்கின பிறகுதான் கோரைக்குள் ஒதுங்கின தாழைக்கோழி வெளியே வரும், மீன்கொத்தி தன் பழைய கிளைக்குத் திரும்பும். இந்தப் பொறுமை இல்லாமல் பழவேற்காட்டுக்குப் போனால் அங்கேயும் வெள்ளைக் கோடுதான் தெரியும்.

2. கையில் என்ன வேண்டும்

ஒரு பைனாகுலர். அதில் 8×42 என்று போட்டிருந்தால் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். புதியவர்களுக்கு 8×42 தான் என் பரிந்துரை. மடங்கு அதிகமானால் கையின் நடுக்கமும் அதே அளவு பெரிதாகிவிடும், பறவையைத் தேடிப் பிடிக்கவே நேரம் போய்விடும். கடைக்காரர் 20 மடங்கு, 30 மடங்கு என்று காட்டினால் வாங்காதீர்கள். கூட வருகிற யாரிடமாவது முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி இருந்தால் அது பெரிய உதவி, ஏனென்றால் உவர்நீர் ஏரியில் தூரம் அதிகம்.

மங்கலான நிறத்தில் சட்டை, தொப்பி, குடிதண்ணீர், ஒரு சின்ன நோட்டு, பென்சில். சாப்பாட்டுக்குப் புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொள்ளுங்கள். கைபேசியில் மெர்லின் செயலி இருந்தால் பெயர் கண்டுபிடிக்க உதவும். ஆனால் பறவையை முழுசாகப் பார்த்த பிறகே அதைத் திறங்கள்.

3. எந்த மாதம், எந்த நேரம்

வலசைப் பறவைகள் அக்டோபருக்குள்ளேயே வர ஆரம்பித்துவிடும். ஆனால் நவம்பரும் டிசம்பரும் வடகிழக்குப் பருவமழைக் காலம், புயல் சின்னமும் அப்போதுதான் உருவாகும். பூநாரைக்குக் கால் ஊன்றி நிற்கிற ஆழம் போதும், மழை கொட்டி ஏரி நிரம்பியிருந்தால் அது ஒதுங்கிப் போய்விடும். ஆகவே ஜனவரி பாதிக்கு மேல், பிப்ரவரி முழுக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்து, சேற்றுத் திட்டுகள் வெளியே தெரிகிற நேரம் அது.

கடல் ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறி இறங்கும், நேரம் தினமும் முக்கால் மணிக்குமேல் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் அதிகம். நீர் இறங்கியிருக்கும்போது சேறு திறந்து, சின்னக் கரைப்பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மேய இறங்கும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் இந்தக் கணக்கு பலிக்காது, போன உடனே கரையில் ஒரு மீனவரிடம், “அண்ணே, முகத்துவாரம் திறந்திருக்கா?” என்று கேட்டுவிடுங்கள்.

4. போகும் வழி

ரயிலில் என்றால் காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல். பக்கத்திலேயே உள்ள மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிப் பொன்னேரியில் இறங்கலாம். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு, சுமார் 20 கி.மீ.

காரில் என்றால் வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் வழியாக வந்து, நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து மீஞ்சூர் போய்ச் சேருங்கள். சென்னை நெரிசல் மிச்சம். மீஞ்சூரிலிருந்து பொன்னேரி, பழவேற்காடு. எப்படியும் நான்கு மணி நேரம் பிடிக்கும். விடியும்போது அங்கே இருக்க வேண்டுமானால் முந்தின நாளே பொன்னேரிப் பக்கம் வந்து தங்குவது நல்லது. முடியாதவர்கள் மதியம் மூன்றுக்குப் போய் மாலையில் பாருங்கள். நடுப்பகலில் வெயில் அலையில் எல்லா உருவமும் நெளியும்.

5. கரையில் நின்று பார்ப்பது

பழவேற்காட்டிலிருந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போக ஒரு பாலம் இருக்கிறது. புதியவர்களுக்கு அதுவே நல்ல இடம். வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். காலையில் குப்பத்துப் பக்கம் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் ஊர்ப் பக்கம் நின்று கிழக்கே பாருங்கள். மாற்றி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும்.

முதலில் பைனாகுலரை எடுக்காதீர்கள். வெறுங்கண்ணால் இடமிருந்து வலமாக ஒருமுறை மெதுவாகப் பாருங்கள். பெரிய வெள்ளை உருவங்கள், சின்ன அசைவுகள், மேலே வட்டமிடுகிறவை என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுங்கள்.

பூநாரை நாலைந்து அடி உயரம் இருக்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து மேயும். காலால் சேற்றை மிதித்துக் கலக்கி, கலங்கின நீரை அலகால் வடிகட்டி, பாசியையும் சின்னஞ்சிறு கூனிகளையும் தின்னும். அந்த இளஞ்சிவப்பு அந்த இரையிலிருந்து வருவதுதான். கூட்டத்தில் அழுக்குச் சாம்பல் நிறத்தில் சில நின்றால் அவை வேறு இனமல்ல, இளம் பறவைகள். இவை முட்டையிடுவது குஜராத்தின் கட்ச் உப்பு நிலத்தில். இங்கே வருவது இரைக்காக.

பக்கத்தில் பெரிய உடம்போடு கூழைக்கடா மிதக்கும். ஆந்திரப் பக்கம் நேலப்பட்டில் கூடு கட்டும் கூழைக்கடாக்கள் இந்த ஏரிக்கு மீன் பிடிக்க வருகின்றன. மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்தபடி தண்ணீரில் இடவலமாக ஆட்டிக்கொண்டே நடக்கும். அது கண்ணால் மீன் தேடுவதில்லை, அலகில் பட்டதும் கவ்வுகிறது. இதை ஒரு பத்து நிமிடம் பாருங்கள், உங்களுக்கே விட மனம் வராது.

காற்றில் ஆலாவையும் கடற்காகத்தையும் பிரிப்பது எளிது. மெல்லிய உடம்போடு சட்டென்று தலைகீழாகத் தண்ணீரில் பாய்வது ஆலா. கனமாகப் பறந்து மேலாக எதையாவது பொறுக்குவது கடற்காகம். பழுப்புத் தலைக் கடற்காகம் என்று பெயர் கேட்டுவிட்டுப் பழுப்புத் தலையைத் தேடாதீர்கள். குளிர்காலத்தில் அதன் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். பழுப்பு நிறம் திரும்பிப் போகிற நேரத்தில்தான் ஏறும்.

எவ்வளவு கிட்டே போகலாம் என்று பலர் கேட்கிறார்கள். அதைப் பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் ஒரே நேரத்தில் தலை தூக்கினால் நில்லுங்கள். எல்லாம் ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் இரண்டடி பின்வாங்குங்கள், அடுத்தது பறப்பதுதான். படத்துக்காகக் கை தட்டிப் பறக்கவைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து மேய்கிற பறவை அது. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அது தின்ற தீனி வீணாகிறது. தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலிருந்தே சரணாலயம், தொல்லை கொடுப்பது குற்றமும்கூட. ராக்கெட் தளம் பக்கத்தில் இருப்பதால் ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம்.

6. படகும் தண்ணீரும்

2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை விதிக்கப்பட்டது. கரையில் யாராவது மெதுவாக வந்து கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். அனுமதி பெற்ற படகு, ஆளுக்கொரு மிதவைச் சட்டை, இரண்டில் எது இல்லையென்றாலும் படகு வேண்டாம். பறவை பார்க்கக் கரையே போதும்.

சேற்றில் இறங்காதீர்கள், மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே முழங்கால் வரை வாங்கும், ஆளிச் சிப்பி காலைக் கிழிக்கும். குப்பத்துக் கடற்கரையில் குளிக்கவும் வேண்டாம். நாம் பாலாற்று மணலில் விளையாடி வளர்ந்தவர்கள், அலையின் இழுப்பு நமக்குப் பழக்கமில்லை.

7. மீனவர்கள் மத்தியில்

இந்த ஏரி ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடலாம் என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்ற வழக்கம் இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. தண்ணீரில் நட்டிருக்கும் கழிகளைப் பிடித்து ஆட்டாதீர்கள், காய்கிற வலையை மிதிக்காதீர்கள். இடுப்பளவு நீரில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களையும் பார்ப்பீர்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்க வேண்டாம். பறவை எங்கே இறங்குகிறது என்பது இவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். வாங்க முடிந்தால் நண்டோ இறாலோ இவர்களிடமே வாங்குங்கள், ஐஸ் பெட்டி கொண்டுபோனால் வேலூர் வரை தாங்கும்.

நேரம் மிச்சமிருந்தால் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். 1613-இல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இடிந்துபோனது, கல்லறைகள் நிற்கின்றன. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். ஊர்ப் பெண்கள் முடைகிற பனை ஓலைக் கூடைகளும் கிடைக்கும்.

8. வீடு திரும்பின பிறகு

நோட்டில் எழுதினதை அன்று இரவே, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். தேதி, இடம், எத்தனை நேரம் பார்த்தீர்கள், எந்தப் பறவை எத்தனை. நிச்சயமில்லாததைப் பொதுப்பெயரில் ‘உள்ளான் வகை’ என்று போட்டாலே போதும், ஊகித்துப் பெயர் கொடுக்காதீர்கள். பெரிய கூட்டத்தை எண்ணுவதற்கு, பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டத்தை அளந்து போங்கள்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்துப் பதிவு செய்தால் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள். அதற்குப் பழவேற்காடு வரை போக வேண்டியதில்லை, மாட்டுப் பொங்கல் காலையில் உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போனால் போதும். சென்னையை ஒட்டின இடங்களில் பதிவு செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள்; ஆற்காடு, சோளிங்கர், குடியாத்தம் பக்கத்து ஏரிகளுக்குத்தான் ஆள் வேண்டும்.