வட இந்திய ஹோட்டலில் முதல் முறையா? மெனு கார்டிலிருந்து பில் வரை

மசால் தோசையும் பரோட்டா சால்னாவும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவோம். ஆனால் வட இந்திய ஹோட்டலில் மெனு கார்டைப் பிரித்ததும் பலருக்கும் ஒரு சின்ன உதறல் வரும். பனீர் என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் இருபது வரி இருக்கும். எது எப்படி இருக்கும் என்று தெரியாது. பக்கத்தில் சர்வர் பேனாவோடு நிற்பார். அந்த அவசரத்தில் எங்கேயோ கேட்ட பேராகப் பார்த்துச் சொல்லிவிடுவோம்.

நானும் அப்படித்தான் சொன்னேன். குடும்பத்தோடு முதல் தடவை போனபோது பனீர் பட்டர் மசாலா, மலாய் கோஃப்தா, வெஜ் மக்கன்வாலா என்று மூன்று. மூன்று கிண்ணமும் வந்தது. மூன்றும் ஒரே ஆரஞ்சு நிறம், ஒரே தித்திப்பு, மேலே ஒரே மாதிரி க்ரீம் சுழி. அப்பா நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "காரமா ஒண்ணும் சொல்லலையாப்பா?" என்றார். சமையலில் ஒரு குறையும் இல்லை. சொன்ன விதத்தில்தான் கோளாறு. அதற்கப்புறம் கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பேரை விடுங்கள், கிரேவியைப் பிடியுங்கள்

மெனுவில் நூறு பேர் இருந்தாலும் அடுப்படியில் நூறு சட்டி இருக்காது. பெரும்பாலான வட இந்தியச் சமையலறைகளில் காலையிலேயே மூன்று, நான்கு அடிப்படை கிரேவிகளைச் செய்து வைத்துவிடுவார்கள். ஆர்டர் வந்ததும் அதில் ஒரு கரண்டி எடுத்து, பனீரோ காளானோ கோழியோ போட்டு, அந்தந்தப் பேருக்கு உரிய மசாலாவைச் சேர்த்து இறக்குவார்கள். அந்த நான்கும் தெரிந்தால் மெனுவில் பாதி புரிந்த மாதிரி.

ஆரஞ்சு நிறத்தில் வருவது மக்கனி கிரேவி. தக்காளி, முந்திரி, வெண்ணெய், க்ரீம். புளிப்பும் இனிப்பும் கலந்திருக்கும், காரம் பேருக்குத்தான். பேரில் பட்டர், மக்கனி, மக்கன்வாலா என்று இருந்தால் இதுதான். பட்டர் சிக்கனும் இந்த வீட்டுப் பிள்ளையே. 1947 பிரிவினைக்குப் பின் பெஷாவரிலிருந்து டெல்லி தரியாகஞ்சுக்கு வந்த மோத்தி மஹால் உணவகத்தோடு சேர்த்துத்தான் அதன் கதையைச் சொல்வார்கள். அங்கே கூட்டாளிகளாக இருந்தவர்களில் யார் முதலில் செய்தது என்ற சண்டை, பேரப்பிள்ளைகள் காலத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு கிரேவிக்கு இவ்வளவு மவுசு.

வெள்ளையாக வருவது முந்திரியும் வேகவைத்த வெங்காயமும் அரைத்த கிரேவி. ஷாஹி, மலாய் என்ற சொற்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் காட்டும். இருப்பதிலேயே சாதுவானது இதுதான். குழந்தைகளுக்குப் பிடிக்கும், இரண்டு கரண்டிக்கு மேல் போனால் பெரியவர்களுக்குத் திகட்டும்.

மூன்றாவது, வெங்காயத்தையும் தக்காளியையும் சுருள வதக்கிய பழுப்பு மசாலா. நம் நாக்குக்குப் பழக்கமானது இதுதான். கடாய், புனா, தோ பியாஸா எல்லாம் இந்த வகை. கடாய் என்றால் தனியாவையும் காய்ந்த மிளகாயையும் வறுத்து ஒன்றிரண்டாக இடித்துப் போட்டிருப்பார்கள், குடைமிளகாய் துண்டுகளும் கிடக்கும். கடிக்கும்போது தனியா பல்லில் நெறுநெறுவென்று அகப்பட்டால் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு அப்பாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு கடாய் பனீர்.

நான்காவது பச்சை: பாலக் என்றால் பசலைக்கீரை வகை, ஹரியாலி என்றால் புதினா, கொத்தமல்லி.

மீதிச் சொற்களையும் போகிற போக்கில் தெரிந்துகொள்ளுங்கள். மேத்தி வெந்தயக்கீரை, அத்ரக் இஞ்சி, லசூன் பூண்டு, ஆலு உருளைக்கிழங்கு, கோபி காலிஃபிளவர், பிண்டி வெண்டைக்காய். அச்சாரி என்றால் ஊறுகாய் மசாலா மணம். பர்த்தா என்றால் கத்திரிக்காயைச் சுட்டு மசித்தது. சுட்ட கத்திரிக்காய் கொத்சு பிடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

2. பருப்பை மறக்காதீர்கள்

பருப்பு வீட்டிலேயே தினமும்தானே என்று நினைத்து எல்லோரும் தாலைத் தாண்டிப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் ஒரு ஹோட்டலின் தரம் தெரிவது அங்கேதான். தால் தட்கா துவரம்பருப்பில் செய்வது. கடைசியில் நெய்யில் சீரகம், பூண்டு, மிளகாய் தாளித்துக் கொட்டுவார்கள். தால் மக்கனி வேறு ஜாதி. முழுக் கறுப்பு உளுந்தும் கொஞ்சம் ராஜ்மாவும் மெல்லிய தீயில் மணிக்கணக்கில் கொதித்து, குழைந்து, வெண்ணெயோடு ஒன்றாகிப் போயிருக்கும். அவசரமாகச் செய்ததா என்று ஒரு கரண்டியில் சொல்லிவிடலாம்: உளுந்து தனி, தண்ணீர் தனி என்று பிரிந்து நின்றால் அவசரம்.

3. எவ்வளவு சொல்வது?

முதல் தடவை போகிறவர்கள் எல்லோரும் அதிகமாகத்தான் சொல்கிறார்கள். ஆளுக்கொரு கிரேவி வேண்டாம். ஒரு கிண்ணம் இரண்டு பேருக்குத் தாராளமாக வரும். மூன்று பேர்கூட ஒப்பேற்றலாம். நான்கு பேர் போனால் என் கணக்கு இது: ஒரு தால், இரண்டு கிரேவி, தொட்டுக்கொள்ள ஒரு ராய்த்தா, கடைசியில் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு ஜீரா ரைஸ். கிரேவி இரண்டும் வேறு வேறு நிறமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். பசி மிச்சம் இருந்தால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

ரொட்டி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். நான் என்பது மைதா மாவைப் புளிக்கவைத்து, தந்தூர் அடுப்பின் உள்சுவரில் அப்பிச் சுடுவது. ஒன்றிரண்டு நிமிடத்தில் உப்பி, அங்கங்கே கருகிய பொட்டோடு வந்துவிடும். அந்தச் சூட்டில் பஞ்சு. பத்து நிமிடம் தட்டில் கிடந்தால் செருப்புத் தோல். அதனால் நாலு பேருக்கு எட்டு வேண்டுமென்றால் எட்டையும் ஒரே நேரத்தில் சொல்லாதீர்கள். முதலில் நாலு, அது பாதி தீரும்போது இன்னும் நாலு. கோதுமை வேண்டும் என்பவர்களுக்குத் தந்தூரி ரொட்டி, அடுக்கடுக்காகப் பிரிய வேண்டும் என்பவர்களுக்கு லச்சா பரோட்டா, கைக்குட்டை மாதிரி மடித்து வருவது ருமாலி. மாவில் சில இடங்களில் முட்டை சேர்ப்பார்கள். சைவக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்டார்ட்டர் தேவையா என்றால், தந்தூர் இருக்கிற கடையில் ஒரு பனீர் டிக்காவோ சிக்கன் டிக்காவோ வாங்கலாம். கோபி மஞ்சூரியன் வாங்க இங்கே வர வேண்டியதில்லை.

4. சர்வரிடம் கேளுங்கள்

கூச்சப்படாதீர்கள். "அண்ணே, இது இனிப்பா இருக்குமா, காரமா இருக்குமா?" என்று கேட்டால் போதும், பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். இந்தி மட்டும் தெரிந்த தம்பியாக இருந்தால் "மீட்டா? தீக்கா?" என்று இரண்டு சொல். மீட்டா இனிப்பு, தீக்கா காரம். "எது நல்லாருக்கும்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எல்லாமே நல்லாருக்கும் என்றுதான் பதில் வரும். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் "இதில் முந்திரி இருக்கா?" என்பதை முதல் கேள்வியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கிரேவிகளில் இரண்டில் முந்திரி அரைத்து ஊற்றியிருக்கும், பார்த்தால் தெரியாது. வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் 'ஜெயின்' என்று சொன்னால் சமையலறைக்குப் புரியும்.

உட்கார்ந்ததும் "மினரலா, நார்மலா?" என்பார்கள். நார்மல் என்பது காசில்லாத தண்ணீர். பாட்டில் வாங்கினால் அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாக இருக்கலாம். உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டல்கள் அப்படி வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

5. சாப்பிடும் முறை

இங்கேதான் நம்முடைய பரோட்டா பழக்கம் காலை வாரும். சால்னா நீர்த்தது, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு ஊற வைத்துப் பிசையத்தான் அது. இந்த கிரேவிகளை நானின் மேல் ஊற்றினால் கூழாகிவிடும். கிண்ணத்திலிருந்து இரண்டு கரண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் விட்டுக்கொள்ளுங்கள். நானில் இரண்டு விரல் அகலத்துக்குப் பிய்த்து, நடுவில் குழிவாக மடித்து, கட்டைவிரலால் ஒரு பனீர் துண்டை அதற்குள் தள்ளி, கிரேவியோடு சேர்த்து அள்ளுங்கள். நான்தான் கரண்டி. ஒரு கையால் பிய்க்க வராவிட்டால் இரண்டு கையும் போடலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். இடையிடையே ஒரு கடி வெங்காயம், அதன் மேல் எலுமிச்சை. அந்த வெங்காயத் தட்டு அலங்காரத்துக்கு வைப்பதல்ல. வெண்ணெயின் திகட்டலை அறுப்பதே அதுதான்.

கடைசியில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெந்நீர்க் கிண்ணம் வரும். விரல் கழுவ. ரசம் இல்லை. (எங்கள் மேஜையில் ஒருவர் குடித்திருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன்.)

6. பில்லைப் படியுங்கள்

சாதாரண ஹோட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். பில்லில் மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என்று இரண்டு வரியாக இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டால் 25-உம் 25-உமாக 50 ரூபாய். நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகமானால் 18 சதவீதமாக இருக்கலாம், உள்ளே போகும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒன்று போட்டிருந்தால் அது அரசாங்க வரி அல்ல. ஹோட்டல் தானாகச் சேர்ப்பது. அதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள், சத்தம் போடாமல். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. டிப்ஸ் உங்கள் விருப்பம். ஓடி ஓடி நானைச் சூடாகக் கொண்டுவந்த தம்பி கையில் நேராகக் கொடுப்பது என் வழக்கம்.

பில்லோடு வரும் சோம்பு கற்கண்டை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, மீந்ததைப் பார்சல் கட்டச் சொல்லுங்கள். நானை விட்டுவிடலாம், மறுநாள் அது எதற்கும் ஆகாது. தால் மக்கனியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ராத்திரி ஃப்ரிட்ஜில் இறுகியிருக்கும். காலையில் அரை டம்ளர் வெந்நீர் விட்டு, சிறு தீயில் கிண்டி, முறுகலான தோசையோடு வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சட்னி அரைப்பதில்லை.