கல்லூரி வளாகத்தில் மனநெருக்கடி முதலுதவிப் பயிற்சியை நடத்துவது எப்படி?

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், உரிய சட்டம் இயற்றப்படும் வரை கல்வி நிறுவனங்கள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் நெறிமுறைகளை வகுத்தது. ஆசிரியர்களும் ஆசிரியரல்லாத பணியாளர்களும் ஆண்டுக்கு இருமுறையேனும் சான்று பெற்ற மனநல வல்லுநர்களிடம் பயிற்சி பெற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உளவியல் முதலுதவி, எச்சரிக்கை அறிகுறிகளை இனங்காணுதல், தன்னைத் தானே காயப்படுத்திக் கொள்வோரிடம் நடந்துகொள்ளும் முறை, உரியவரிடம் அனுப்பிவைத்தல் ஆகியவை அப்பயிற்சியில் இடம்பெற வேண்டும் என்றும் அது கூறுகிறது. எனவே பயிற்சியை நடத்தியே ஆக வேண்டும். ஆனால் பல வளாகங்களில் அது குத்துவிளக்கு, பொன்னாடை, முந்நூறு பேர் அமர்ந்த அரங்கில் ஒரு மணி நேரச் சொற்பொழிவு, குழுப் புகைப்படம் என்று முடிந்து, கோப்பில் சேர்க்கும் ஓர் அறிக்கையாக மட்டும் எஞ்சுகிறது. அந்த அரங்கில் இருந்தவர்களுள் எவரும் அன்றிரவு பதினொரு மணிக்கு ஒரு மாணவர் அழுதுகொண்டு வந்து நின்றால் முதலில் என்ன சொல்வது என்பதைக் கற்றிருக்க மாட்டார்.

இக்குறிப்புகள் தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரம் ஒன்றில் விடுதியோடு இயங்கும் நடுத்தரக் கல்லூரியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

முதலில் யாரை அழைப்பது

மனநெருக்கடி பெரும்பாலும் அலுவலக நேரத்துக்குக் காத்திருப்பதில்லை. இரவில் வளாகத்தில் இருப்பவர்கள் விடுதிக் காப்பாளர், காவலர், மெஸ் பணியாளர், அறைத்தோழர் ஆகியோரே. ஒரு பெண் இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லை என்பதைத் துறைத்தலைவருக்கு முன்பே மெஸ் அக்கா அறிந்துவிடுவார். விளையாட்டுத் திடலின் படிக்கட்டில் நள்ளிரவு வரை ஒருவன் தனியே உட்கார்ந்திருப்பதைக் காவலர்தான் பார்ப்பார். கட்டணப் பாக்கியால் நுழைவுச்சீட்டு கிடைக்காத மாணவரின் முகத்தை எதிரில் நின்று காண்பவர் அலுவலக எழுத்தர். ஆகவே முதல் குழுவில் இவர்களையே சேர்க்க வேண்டும். பேராசிரியர்கள் இரண்டாம் குழுவில் வரலாம்.

ஒரு குழுவில் இருபதிலிருந்து இருபத்தைந்து பேர் போதும். மெஸ் பணியாளர்களுக்கு மதிய உணவு முடிந்த பின்னரும் மாலைக் காபிக்கு முன்னரும் உள்ள நேரமே வசதியானது. இரவுக் காவலரை, விடிய விடியக் கண்விழித்தவரை, காலை பத்து மணிக்கு வரச் சொல்வது பயிற்சியாகாது. முந்தைய இரவுப் பணியிலிருந்து அவருக்கு விடுப்பு தர வேண்டும். முதல்வரும் செயலாளரும் அந்த அறையில் உட்காராமல் இருப்பது நல்லது, ஏனெனில் அவர்கள் முன்னிலையில் கடைநிலைப் பணியாளர் எவரும் வாய் திறக்கமாட்டார்.

மாணவத் தொண்டர்களைத் தேர்வு செய்யும்போது முதல் மதிப்பெண் பெறுபவர்களைத் தேடாமல், மற்றவர்கள் ஏற்கெனவே யாரிடம் மனம் விட்டுப் பேசுகிறார்களோ அவர்களைக் கேட்க வேண்டும். மறுக்கும் உரிமையையும் அவர்களுக்குத் தர வேண்டும். கவனிப்பதும், உடனிருப்பதும், பெரியவர் ஒருவரிடம் அழைத்துவருவதுமே அவர்கள் வேலை. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் ஆலோசகர் பொறுப்பை ஏற்றக் கூடாது.

பயிற்றுநர்

ஊக்கப் பேச்சாளர் இதற்கு ஏற்றவரல்லர். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரையோ, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையையோ கடிதம் மூலம் அணுகலாம். சென்னையைச் சார்ந்த கல்லூரிகள், டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பையும் கேட்டுப் பார்க்கலாம். தமிழிலேயே நடத்துவாரா, பங்கேற்பாளர்களை நடித்துப் பழக வைப்பாரா, முடிந்த பின் தனியே பேச விரும்புவோருக்காகச் சற்று நேரம் இருப்பாரா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். மூன்றாவது கேள்வி உபசாரத்துக்கானதன்று; இருபத்தைந்து பேர் கூடும் இடத்தில் தம் வீட்டிலோ உறவிலோ ஒருவரை இவ்வாறு இழந்தவர் இருக்கக்கூடும். யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து வெளியே செல்லலாம் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்து, கல்லூரி ஆலோசகரை வெளியே அமர்த்தியிருக்க வேண்டும்.

கேட்பதற்குப் பழகுதல்

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்னும் மூன்று செயல்களை அடிப்படையாகக் கொண்டது. பயிற்சியின் பெரும்பகுதி நேரம் இரண்டாவதற்கே செலவாக வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது எளிது: வகுப்புக்கு வராமை, உறக்கம் கெடுதல், குளியலிலும் உடையிலும் கவனம் குறைதல், திடீர்க் குடிப்பழக்கம், விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், நீண்ட துயரத்துக்குப் பின் காரணமின்றித் தோன்றும் அமைதி ஆகியவற்றை அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். தமிழ்வழியில் படித்து ஆங்கிலவழி வகுப்பில் திணறும் முதல் தலைமுறை மாணவர், அரியர் சேர்ந்தவர், செயலிக் கடனில் சிக்கியவர், சாதியின் பேரால் அவமதிக்கப்பட்டவர், ராகிங்குக்கு ஆளானவர் ஆகியோர்மீது கூடுதல் கவனம் தேவை. ராகிங் புகாருக்கான தேசிய உதவி எண் 1800-180-5522.

மாணவர்கள் தம் நிலையை நேராகச் சொல்வது அரிது. “எதுவுமே பிடிக்கல”, “நான் எல்லாருக்கும் பாரமாத்தான் இருக்கேன்”, “ஒரேயடியாத் தூங்கிட்டா நல்லாயிருக்கும்” என்பன போன்ற பேச்சைக் கேட்டதும் அடுத்த கேள்வியைக் கேட்கப் பணியாளருக்குத் துணிவு வேண்டும். தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகின்றனர். ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை, நேராகக் கேட்பது பலருக்கு ஆறுதலாகவே இருக்கிறது. ஆனால் கேட்கும் விதம் உண்டு. “தப்பா எதுவும் யோசிக்கலியே?” என்ற கேள்வி, ‘இல்லை’ என்ற பதிலைத் தானே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. “ரெண்டு நாளா சாப்பிட வரலியே தம்பி, மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கா?” என்று தொடங்கி, அவர் பேசிய பின், “இவ்வளவு கஷ்டத்துல செத்துடலாம்னு தோணியிருக்கா?” என்று தாழ்ந்த குரலில், முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். இவ்வாக்கியத்தை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். முதல்முறை பெரும்பாலோருக்கு நா எழாது, அதற்காகத்தான் பயிற்சி.

சொல்லக் கூடாதவற்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். “அப்பா அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?” என்பது நல்லெண்ணத்தில் பிறக்கும் கேள்விதான், ஆனால் தாம் பெற்றோருக்குச் சுமை என்று ஏற்கெனவே குமைந்துகொண்டிருப்பவருக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்கும். “இதுக்குப் போயா அழுவாங்க?”, “நாங்க படாத கஷ்டமா?” என்பனவும் அப்படியே. அறிவுரையும் உதாரணக் கதையும் இல்லாமல், எதிரிலிருப்பவர் மௌனமாக இருக்கும் இரண்டு நிமிடத்தையும் பொறுத்துக் கொள்வது கடினமான கலை.

‘ஆம்’ என்ற பதில் வந்தால், எப்போது என்று நினைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைவசம் உள்ளதா, முன்பு முயன்றிருக்கிறாரா என்று கேட்டறிய வேண்டும். விடை எதுவாயினும் அன்றிரவு அவரைத் தனியே விடக் கூடாது. ஆபத்தான பொருள் இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். மொட்டைமாடிக் கதவு பூட்டப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. “சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா தேவையில்லாதவங்க காதுக்குப் போகாது; யார்கிட்ட சொன்னாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்” என்பது நேர்மையான பதில்.

பழகுவதற்கு மூன்று பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒருவர் பேசவும், ஒருவர் கேட்கவும், ஒருவர் கவனித்துக் குறிக்கவும் செய்யலாம். சொந்த வாழ்க்கைக் கதையை யாரும் நடிக்கக் கூடாது. சூழலை எழுதிய சீட்டைப் பயிற்றுநரே தர வேண்டும். எடுத்துக்காட்டாக: தேர்வு முடிவு வந்த நாள், இரவு ஒன்பது மணி, மூன்றாமாண்டு மாணவி ஒருவர் தம் கால்குலேட்டரையும் குறிப்பேடுகளையும் தோழியரிடம் கொடுத்துவிட்டு, “எல்லாத்துக்கும் தேங்க்ஸ்டி” என்று அறைத்தோழிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார், தோழி பதறிக்கொண்டு காப்பாளரிடம் ஓடி வருகிறார். காப்பாளர் தோழியிடம் என்ன கேட்பார், மாணவி இருக்கும் இடத்துக்கு யாரை அனுப்புவார், தாம் எதை முதலில் சொல்வார் என்பதைப் பத்து நிமிடம் நடித்துவிட்டு, பாத்திரங்களை மாற்றி மீண்டும் செய்ய வேண்டும். “இதை ஏன் முன்னாடியே சொல்லல?” என்று தோழியைக் கடிந்துகொள்ளும் காப்பாளர் இந்தச் சோதனையில் தவறாமல் வெளிப்படுவார், அடுத்த முறை அந்தத் தோழி வரமாட்டார் என்பதை அவருக்கு அங்கேயே உணர்த்திவிடலாம்.

ஒரு பக்கத் தாள்

பயிற்சி முடிவதற்குள், உங்கள் வளாகத்தின் நடைமுறை ஒரே பக்கத்தில் எழுதப்பட்டு ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். மனச்சோர்வு மட்டும் தெரிந்தால் ஓரிரு நாளில் ஆலோசகரிடம். தற்கொலை எண்ணம் தெரிந்தால் அதே இரவில் பொறுப்பு அலுவலருக்கு அழைப்பு, உடன் ஒருவர், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி-மானஸ் 14416. காயமோ முயற்சியோ நேர்ந்திருந்தால் முதலில் 108. முதல்வருக்குத் தெரிவித்த பிறகே ஆம்புலன்சை அழைக்க வேண்டும் என்ற வழக்கம் சில இடங்களில் எழுதப்படாமல் நிலவுகிறது; அது செல்லாது என்பதை நிர்வாகத்தின் கையொப்பத்தோடு அந்தத் தாளிலேயே அச்சிட வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட 14416 சேவை இரவுபகலாக இயங்குகிறது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரிலும் அறியப்படுகிறது. மாநிலச் சுகாதார உதவி எண் 104ஐயும் சேர்த்துக் கொள்ளலாம். இந்த வாரம் அழைப்புக்கு உரியவர் யார், வாகனச் சாவி யாரிடம், மாணவியுடன் செல்லும் பெண் பணியாளர் யார், அவசர நிலையில் வாயிற்காவலர் அவுட்பாஸ் கேட்கக் கூடாது என்பன போன்ற சிறு விவரங்களே அந்நேரத்தில் உயிர் காப்பவை.

சட்டத்தைக் குறித்த அச்சத்தையும் போக்க வேண்டும். ‘கேஸ் ஆகிவிடும்’ என்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தாமதிப்போர் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவுக்கு நிகரான பொதுப் பிரிவும் இல்லை. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் அனுப்பினாலும் சிகிச்சை அதற்காக நிற்காது.

இரண்டு தவறான பழக்கங்களைத் தாளில் பெயர் சொல்லியே தடை செய்யுங்கள். ஒன்று, நெருக்கடியில் உள்ள மாணவரை இரவுப் பேருந்தில் தனியே ஊருக்கு அனுப்பிவைப்பது. மற்றொன்று, ‘இனி இப்படிச் செய்யமாட்டேன்’ என்று கடிதம் எழுதி வாங்குவது. அது நிறுவனத்தைக் காக்க எழுதப்படும் காகிதம், மாணவரைக் காப்பதன்று. பெற்றோருக்குச் சொல்வது பெரும்பாலும் அவசியம்தான், ஆனால் வீட்டில் யாரிடம் முதலில் பேசலாம் என்பதை மாணவரிடமே கேட்க வேண்டும். வீடே துயரத்தின் காரணமாக இருந்தால் ஆலோசகர் முடிவு செய்யட்டும்.

ஒரு மரணம் நேர்ந்துவிட்டால், அறைத்தோழர்களுக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் நேரில் முதலில் சொல்ல வேண்டும். இறந்த முறையையோ எழுதிவைத்த கடிதத்தையோ வாட்ஸப் குழுக்களில் பரப்பக் கூடாது. அடுத்த சில வாரங்கள் ஆலோசகர் விடுதியிலேயே இருக்க வேண்டும்.

பயிற்சிக்குப் பின் வரும் பருவத்தில் ஆலோசகரிடம் அனுப்பப்படுவோர் எண்ணிக்கை கூடலாம். கல்லூரியின் பெயர் கெட்டுவிட்டதாக நிர்வாகம் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளாதபடி முன்பே சொல்லி வைக்க வேண்டும். எண்ணிக்கை அப்படியே பூஜ்யத்தில் நின்றால்தான் பயிற்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனம் தகுதி வாய்ந்த ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்பதும் நீதிமன்ற நெறிமுறையில் உண்டு. அனுப்பிவைக்க ஆளில்லாத இடத்தில் அனுப்பும் பயிற்சி பயன்படாது. ஒப்பந்த நிறுவனக் காவலர்கள் அடிக்கடி மாறுவதால், இடையில் சேரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாள் பணிக்கு முன்பே அரை மணி நேரம் அந்தத் தாளை வைத்துப் பேசுங்கள். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், தாளில் உள்ள வளாக எண்களை இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை அழைத்துப் பார்த்து, எடுக்காதவர் பெயரை மாற்றிவிடுங்கள்.