ஃபிஸ்டுலா தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வாட்டில் ஓர் இளம் டொக்டர், முதல் நாள் தைத்த அம்மாவின் படுக்கை நனைந்திருப்பதைக் கண்டு, "தையல் விட்டுப்போச்சு சேர்" என்று வெளிறிப்போய் நின்றார். சிறுநீர் வடிய வைத்த குழாய், அதாவது கதீற்றர், தொடைக்கடியில் மடிந்து கிடந்தது. நல்ல காலம், சிறுநீர் தையலால் அல்ல, குழாயைச் சுற்றித்தான் வந்திருந்தது. எனக்கு அந்த நல்ல காலம் வாய்க்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே வன்னியில் நான் பார்ப்பவை பெரும்பாலும் கர்ப்பப்பை எடுத்தபின் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவே விழும் ஓட்டைகள், அதைத்தான் ஃபிஸ்டுலா என்கிறோம். ஒன்றிரண்டு வாரத்தில் கசிவு தெரியும்.

அவசரம்

முதல் சில நாளில் பிடிபடாவிட்டால், வீக்கம் வற்ற 6 முதல் 12 வாரம் பொறுங்கள். சின்ன ஓட்டை கதீற்றரோடேயே மூடிக்கொள்வதும் உண்டு.

யூரீற்றரை மறப்பது

சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயம் விட்டும் யோனியில் வைத்த பஞ்சு நிறமில்லாமல் நனைந்தால் யூரீற்றரை, அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயைத் தேடுங்கள். இரண்டிலும் ஓட்டை இருக்கலாம், ஆகவே நீலம் வந்தாலும் ஸ்கான் எடுக்காமல் கத்தியைத் தொடாதீர்கள்.

தைத்தபின் கதீற்றரை வாட்டிடம் விட்டுவிட்டுப் போவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். தொடக்கத்தில் நான் தைத்த ஒருவர், வயல் செய்பவர். தியேட்டரில் சாயம் விட்டுப் பார்த்தோம், ஒரு துளி கசியவில்லை. நான் "கதீற்றர் கவனிப்பு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனேன். இரவு பத்து மணிக்குப் பிறகு யாரும் அளவு எழுதவில்லை, விடியப் போய்ப் பார்த்தால் சிறுநீர் வடியும் பை வெறுமை, அடிவயிறு உருண்டு நிற்கிறது, குழாய்க்குள் இரத்தக்கட்டி. நிறைந்த சிறுநீர்ப்பை புதுத் தையலை இழுத்துவிட்டது. ஒன்பதாம் நாள் மறுபடி நனைந்தார். முதல் தையலுக்கு இருக்கும் வாய்ப்பு இரண்டாவதற்கு இல்லை, தழும்புக்குள்தான் தைக்க வேண்டும்.

இன்னொன்றும் அப்புறம்தான் விளங்கியது. புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் அம்மாமார், சீற் நனைந்துவிடும் என்ற வெட்கத்தில் முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். மாதக்கணக்கில் பழகிய அது தைத்தபிறகும் விடாது. சிறுநீர் தடித்துக் குழாய் அடைக்கும். "இப்போது எவ்வளவு குடித்தாலும் குழாயால்தான் போகும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். மணிக்கு மணி அளவு எழுதச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லையா, முதலில் குழாயைப் பாருங்கள், மடிப்பு இல்லையென்றால் கொஞ்சம் சேலைனால் மெதுவாகக் கழுவுங்கள். துணைக்கு நிற்கும் மகளுக்கும் பையைப் பார்க்கக் காட்டிக்கொடுங்கள், இரவில் விழித்திருப்பவர் அவர்தான்.

கதீற்றரை முந்தி எடுப்பது

14 நாள். படுக்கைக்கு இடமில்லை என்றாலும்.

வீட்டுக்கு அனுப்பும்போது

"கவனமாக இருங்கோ" என்றால் யாருக்கும் விளங்காது. மூன்று மாதம் உறவு வேண்டாம், நெல்மூட்டை தூக்க வேண்டாம் என்று கணவரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லுங்கள்.