கத்திரி வெயிலுக்கு நாலு புத்தகம்

"மேடம், பையன் ஏழாம் கிளாஸ் போகப்போறான். லீவுல படிக்க நல்லதா நாலு புக் குடுங்க."

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் 22 வருடம் இருந்தேன். ஒவ்வொரு வருடமும் மே முதல் வாரத்தில் இந்தக் கோரிக்கை வந்துவிடும். நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: "பையன் வந்திருக்கானா?" வந்திருக்க மாட்டான். கண்மாயில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான். "அப்போ நாளைக்கு அவனையும் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். ஆள் வராமல் செருப்பு வாங்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிகிறது. புத்தகத்துக்கு மட்டும் அளவு பார்க்காமல் வாங்குகிறோம்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் தெருவில் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் என்ன கொடுக்கலாம், எந்த வரிசையில் கொடுக்கலாம் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதல் புத்தகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அது மெல்லியதாக இருக்க வேண்டும். காலையில் எடுத்தால் மாலை விளையாடப் போவதற்குள் முடிந்துவிட வேண்டும். "ஒரு புத்தகம் முடிச்சிட்டேன்" என்று பிள்ளை சொல்வதற்கு ஒரு ருசி இருக்கிறது. அது நாக்கில் பட்டால்தான் இரண்டாவதைக் கேட்கும். நான் கெட்டிக்காரத்தனமாக இதற்கு எதிராக நடந்து பட்டவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏழாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்குப் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். எனக்குப் பிடித்த புத்தகம், அவளுக்கும் பிடிக்கும் என்ற நினைப்பு. மூன்றாம் நாள் அவள் அம்மா வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் அந்த லீவு முழுக்க நூலகப் பக்கமே வரவில்லை. ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

அதனால் முதல் நாளைக்குப் படக்கதை போதும். முகம் சுளிக்காதீர்கள். 1972இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் கிளம்பியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. எங்கள் பக்கத்தில் அப்பாக்கள் பாதிப் பேர் எழுத்துக்கூட்டியதே அதில்தான். இன்றைக்கும் கௌபாய் லக்கி லூக்கின் சிரிப்புக் கதையைக் கொடுத்தால் ஆறாம் வகுப்புப் பையன் சிரித்துக்கொண்டே முடிப்பான். பலூனுக்குள் ஒரு வரி, இரண்டு வரி; பக்கத்திலேயே படம். தமிழ் வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல கைப்பிடி இல்லை.

திணறுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் பலர் தமிழில் வாய் ஓயாமல் பேசுவார்கள், ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் வேர்த்துவிடும். அரசுப் பள்ளியிலும் அப்படிப் பிள்ளைகள் உண்டு. இதைச் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து மெதுவாக வாசிக்கச் சொல்வேன். சிக்குகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஒரு கை மூடிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். இதைத் தனியாக வைத்துச் செய்யுங்கள். தம்பி தங்கை முன்னால் செய்தால் அது பரீட்சை ஆகிவிடும்.

கை மூடிய பிள்ளைகளுக்குத் தோதானவை பள்ளிக்கூடத்திலேயே இருக்கின்றன. தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக அச்சிட்ட சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அரசுப் பள்ளி என்றால் லீவு விடும் முன்பே ஆசிரியரிடம் கேட்டு நாலைந்து வாங்கி வாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை 'நுழை'யில் தொடங்கினால் குடி முழுகிவிடாது. ஒரு வாரத்தில் 'ஓடு'வுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளியில் கிடைக்காவிட்டால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடு இலவசமாக இருக்கின்றன. போனிலேயே படிக்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்றாம் பக்கத்தில் விரல் தானாக வேறெங்கோ தாவிவிடும். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, நடுவில் இரண்டு பின் அடித்துக் கையில் கொடுங்கள்.

சரி, முதல் புத்தகம் முடிந்தது. அடுத்து?

நான் அதிகம் இரவல் கொடுத்தது 'டோட்டோ-சான்'. தெத்சுகோ குரோயாநாகி தன் சொந்தப் பள்ளி வாழ்க்கையை எழுதி 1981இல் ஜப்பானில் வந்த புத்தகம். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்புச் சிறுமியின் கதை என்றதும் "சின்னப் புள்ளைங்க கதையா?" என்று மூக்கைச் சுருக்குவார்கள். அப்போது வாதாடக் கூடாது. ஓர் இடத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். வகுப்பு நேரத்தில் ஜன்னலோரம் நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்ட குற்றத்துக்காக ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, புதுப் பள்ளிக்கு வருகிறாள். அங்கே வகுப்பறைகளெல்லாம் பழைய ரயில் பெட்டிகள். தலைமையாசிரியர் அம்மாவை அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல் என்கிறார். அங்கே நிறுத்திவிடுங்கள். "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்து போய்விடுங்கள். புத்தகம் திறந்தபடியே கிடக்கட்டும். பத்தில் ஏழு பிள்ளைகள் தாங்களே எடுத்துவிடுவார்கள்; அவர் நான்கு மணி நேரம் கேட்டார் என்பதை உங்களிடமே ஓடி வந்து சொல்வார்கள்.

இந்தப் 'பாதியில் எழுந்து போகிற' வேலையை நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். காலை வேண்டாம், காலை விளையாட்டுக்கு. அக்னி நட்சத்திரத்தில் பதினோரு மணியிலிருந்து மூன்றரை வரை எந்தத் தாயும் பிள்ளையை வெளியே விடமாட்டாள். அந்த நேரம்தான் நமக்கு. சாப்பாடு முடிந்து, ஃபேனுக்கு அடியில் பாய் விரித்து, பத்து நிமிடம் வாசித்துக் காட்டுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதா என்று கேட்கிறார்கள். காட்டலாம். தாடி முளைத்தவர்களே ரேடியோவில் கதை கேட்கிறார்கள்.

கதை பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் 'படிக்காதவன்' என்று முத்திரை குத்திவிடுகிறோம். டீக்கடை வைத்திருந்த ஒருவரின் மகன், எட்டாம் வகுப்பு, எந்தக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தாலும் மறுநாள் அப்படியே கொண்டு வருவான். கடைசியில் சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' கொடுத்தேன். ஒரு கேள்வி, ஒரு பதில். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் ஒன்று ஒன்றாகப் படித்தான். டீ குடிக்க வருகிறவர்களை அதே கேள்விகளால் மடக்கினான். அப்புறம் அவன் 'துளிர்' இதழின் பழைய கட்டுகளைக் கேட்டு வாங்கிப் போனான். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இலிருந்து நடத்துகிற சிறுவர் அறிவியல் மாத இதழ் அது. இதழ்கள் பழசானாலும் வீணாவதில்லை.

அதே வகையில் இன்னொன்று, க்ரியா வெளியிட்ட 'பறவைகள்' அறிமுகக் கையேடு. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதியது. இது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிற புத்தகம் இல்லை. மொட்டை மாடிக்கோ கண்மாய்க் கரைக்கோ எடுத்துப் போய், பார்த்த பறவையைத் தேடி அடையாளம் கண்டுபிடிக்கிற புத்தகம். இதோடு கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' சேர்த்துக் கொடுப்பேன். கரிசல் காட்டில் பறவை, முட்டை, மரம் என்று திரிகிற சிறுவனின் கதை. கி.ரா. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் இடைசெவல்காரர் என்பதால் எனக்கு ஓரவஞ்சனை இருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளை "இது நாம பேசுற மாதிரியே இருக்கே" என்று சொல்லும்போது புத்தகத்துக்கும் அதற்கும் இருந்த சுவர் ஒன்று இறங்கிவிடுகிறது. உங்கள் ஊர் தஞ்சாவூரோ நாகர்கோவிலோ என்றால் உங்கள் மண்ணின் பேச்சில் எழுதியவர் யார் என்று நூலகரைக் கேளுங்கள்.

சரித்திரம் கேட்கிற பிள்ளைக்கு இப்போது நல்ல தொடக்கம் இருக்கிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடியைப் பின்னணியாகக் கொண்ட இளையோர் நாவல். 2023இல் சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்குக் கொடுக்கிற பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. கீழடிப் பானை ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. படித்து முடித்ததும் மதுரைக்கு ஏதாவது விசேஷத்துக்குப் போகிறபோது கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை கூட்டிப்போங்கள். பானையைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை இரண்டாம் முறை படித்த பெண் ஒருத்தி எனக்குத் தெரியும்.

கல்கி வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களும் வருவார்கள். 2023 ஏப்ரலில் 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது கவுன்டரில் வரிசையே நின்றது. எட்டாம் வகுப்பு முடித்தவர், நன்றாக வாசிப்பவர் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு 'பார்த்திபன் கனவு' கொடுத்து அனுப்பினேன். படகோட்டி பொன்னனும் வள்ளியும் பிள்ளைகளுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள். புத்தகமும் கைக்கு அடங்கும்.

பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்த 'குட்டி இளவரசன்' பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பெரியவர்கள் உருகுகிற புத்தகம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பாதியில் திருப்பிக் கொண்டு வந்த புத்தகமும் அதுதான். யானையை விழுங்கிய மலைப்பாம்பின் படம் தொடக்கத்திலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு அது தொப்பியாகத் தெரியும். அந்தப் படத்தைக் காட்டிப் பாருங்கள். பிள்ளை மேலே கேள்வி கேட்டால் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வருடம் பொறுங்கள்.

இரண்டு புத்தகங்களைப் பெரியவர்கள் முதலில் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒன்று இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்கிற ஒரு மாணவியின் கதை, அரை மணியில் முடியும், முடிவு நெஞ்சை அறுக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் ஒரு சிறுமிக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவள் அப்பா வந்து, "என்ன புத்தகம் குடுத்தீங்க, ராத்திரி பூரா அழுதிருக்கா" என்று சத்தம் போட்டார். அவர் கோபம் நியாயமானது. கூட யாராவது இருந்து பேசியிருக்க வேண்டும். இன்னொன்று யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பயமுறுத்தாமல் பேசுகிற நாவல், 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. வீட்டில் பேசக் கூச்சப்படுகிற விஷயத்தை அந்த மரப்பாச்சி பேசிவிடும். அப்புறம் பிள்ளை உங்களிடம் ஏதாவது கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை சில. படித்த கதையைச் சுருக்கி எழுதச் சொல்லாதீர்கள். ஒரு லீவில் நான் எல்லாருக்கும் நோட்டு கொடுத்து எழுதச் சொன்னேன். பின்னட்டையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதிக் கொண்டுவந்தார்கள், 'விலை ரூ. 40' உட்பட. 'கதையில் என்ன நீதி?' என்றும் கேட்காதீர்கள். 'அவன் ஏன் அப்படிப் பண்ணினான்?' என்று கேளுங்கள், வாய் திறக்கும். பாதியில் வைத்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று விரட்டாதீர்கள். நம் வீட்டுப் பீரோவில் நாம் முடிக்காத புத்தகம் எத்தனை இருக்கிறது?

நூலகத்தில் சேர்ப்பது சுலபம். காப்புத்தொகையும் சந்தாவும் சேர்த்தாலும் ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலை வராது. அட்டையைப் பிள்ளையின் பெயரிலேயே போடுங்கள், கையெழுத்தை அதுவே போடட்டும். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கின்றன. ஒரு நாள் முழுக்க அங்கே விட்டுவிடலாம். ஆனால் பழக்கம் பிடிப்பது சைக்கிளில் போய்வரக்கூடிய கிளை நூலகத்தில்தான்.

எல்லாம் இரவல் என்றாலும் ஒரே ஒரு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கித் தாருங்கள். கு. அழகிரிசாமியும் எங்கள் இடைசெவல்காரர்தான். அவருடைய 'அன்பளிப்பு' கதையைப் பெற்றோர்கள் படிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் புத்தகமும் டைரியும் கொடுக்கிற ஒருவர், ஸாரங்கன் என்கிற பையனை மட்டும் விட்டுவிடுகிறார். அவன் தானே ஒரு டைரி வாங்கி வைத்துக்கொண்டு, அதில் தன் பெயரை எழுதி அன்பளிப்பு என்று போட்டுத் தரும்படி அவரையே கேட்கிறான். அதைப் படித்த பிறகு நான் யாருக்குப் புத்தகம் கொடுத்தாலும் முதல் பக்கத்தில் பெயர் எழுதாமல் கொடுப்பதில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு புத்தகம் வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அந்நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், மூன்று.